மலையகத்து விஞ்ஞான மாணவர்களுக்குப் புலமைப்பரிசிலும் ஆய்வு வாய்ப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியான நாளிலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கேட்கிற கேள்விகள் இவை. கேட்பவர்களில் பெரும்பாலானோர் தோட்டப்புறப் பாடசாலைகளில் உயர்தரம் படித்து, பேராதனைக்கோ பதுளைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ விஞ்ஞானம் படிக்கத் தெரிவானவர்கள். சிலர் ஏற்கெனவே இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆளுக்காள் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். தொகைகளும் திகதிகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கிற வருடத்து அறிவித்தலைப் பார்க்காமல் இதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

கம்பஸ் கிடைத்துவிட்டது. வீட்டில் காசு இல்லை. போகலாமா?

போங்கள். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. செலவாகிறது சாப்பாடு, தங்குமிடம், பஸ் காசு, போட்டோகொப்பி, கொஞ்ச நாளில் ஒரு லெப்டொப். விடுதி கிடைத்தால் பெரிய சுமை ஒன்று இறங்கிவிடும். அந்த விண்ணப்பத்தைப் பதிவு செய்யும்போதே கொடுத்துவிடுங்கள், "பிறகு பார்க்கலாம்" என்று வைத்துவிடாதீர்கள்.

மாதாமாதம் வருவது இரண்டில் ஒன்று: மஹாபொல அல்லது பர்சரி. மஹாபொல 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நம்பிக்கை நிதியத்தின் பணம். உயர்தரப் பெறுபேற்றுக்காக மட்டும் ஒரு பகுதியினருக்குக் கொடுக்கிறார்கள். மற்றவர்களுக்குப் பெறுபேற்றோடு குடும்ப வருமானத்தையும் பார்க்கிறார்கள். அது கிடைக்காதவர்களுக்கு வருமான அடிப்படையில் பர்சரி. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மஹாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆகவும், பர்சரி 4,000 இலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. அதற்குப் பிறகு ஏதும் மாறியிருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் பாருங்கள்.

இந்தக் காசை வைத்து மட்டும் கண்டிப் பக்கம் ஒரு மாதம் ஓட்ட முடியாது. அதுவும் பதிவு செய்த அடுத்த மாதமே கணக்கில் விழும் என்று நினைக்காதீர்கள், முதல் தவணை பல மாதம் பிந்தலாம். முதல் ஆறு மாதத்துக்கு வீட்டில் சீட்டுப் பிடித்தோ, சொந்தக்காரரிடம் சொல்லி வைத்தோ ஒரு ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். கிடைத்த பிறகு விரிவுரை வரவைக் கவனியுங்கள். வரவு குறைந்தால் காசு நிற்கும்.

வருமானச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் என்று அலைகிறோம். எதை முதலில் எடுப்பது?

பெயரை. நான் சொல்வது வேடிக்கையாக இருக்கும், ஆனால் மலையகத்துப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் இழுபடுவது பெரும்பாலும் பெயரில்தான். பிறப்புச் சான்றிதழில் "ராமையா", அடையாள அட்டையில் "இராமையா", சாதாரணதரச் சான்றிதழில் ஆங்கில எழுத்தொன்று கூடுதல். அப்பாவுக்குச் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். சம்பளச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால், இது உங்கள் அப்பாதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தான். ஆகவே எல்லாத் தாளையும் மேசையில் பரப்பிவைத்து, பெயர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். திருத்த வேண்டியதைப் பிரதேச செயலகத்தில் திருத்துங்கள். அதற்கு நாளாகும் என்றால் இருவரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பாஸ்போட் எடுக்கும்போதும் இதே தலைவலிதான் வரும். இப்போதே தீர்த்துவிட்டால் அப்போது நிம்மதி.

அடுத்தது வருமானம். அம்மா, அப்பா இருவரும் தோட்டத்தில் பெயர் பதிந்தவர்கள் என்றால் தோட்ட அலுவலகத்தில் சம்பள விபரம் எழுதி வாங்குங்கள். அதைக் காட்டிக் கிராம உத்தியோகத்தரிடம் வருமானச் சான்றிதழ், அதற்குப் பிரதேச செயலாளரின் மேலொப்பம். அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார் என்றால் அதை மறைக்காதீர்கள். மறைத்தது தெரியவந்தால் கொடுத்ததையும் நிறுத்துவார்கள். எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்து, போனில் படம் எடுத்தும் வைத்திருங்கள்.

கடைசியாக முகவரி. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வரும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே கிடந்து, யாராவது கொண்டுவந்தால்தான் கைக்கு வரும். நேர்முகத்துக்கு வரச்சொன்ன கடிதம் நேர்முகம் முடிந்த பிறகு வந்த கதைகள் ஊருக்கு ஊர் உண்டு. விண்ணப்பத்தில் தபால் முகவரிக்கு, நகரத்தில் நம்பிக்கையான கடையோ உறவினர் வீடோ இருந்தால் அதைக் கொடுங்கள். நிரந்தர முகவரி மட்டும் உங்கள் தோட்டத்து முகவரியாகவே இருக்கட்டும்.

தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே ஒரு உதவி இருக்கிறதாமே?

இருக்கிறது. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் என்று இந்திய உயர்ஸ்தானிகராலயம் நடத்துவது. உயர்தரம் படிப்பவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கும் கொடுக்கிறார்கள். அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகைகளில் வரும். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்திலும் விசாரிக்கலாம். பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதற்கான அத்தாட்சிதான் இதில் முக்கியம். மேலே சொன்ன செக்ரோல் பெயர் விவகாரம் இங்கேதான் முதலில் தலைகாட்டும்.

இதைவிடப் பெரியது, இந்தியாவிலேயே போய்ப் படிப்பதற்கான முழுப் புலமைப்பரிசில். இந்தியக் கலாசார உறவுகள் பேரவை கொடுப்பது. பட்டப்படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், முதுமாணிக்கு மௌலானா ஆசாத், தகவல் தொழில்நுட்பத்துக்கு ராஜீவ் காந்தி. கட்டணம், மாதாந்தப் படி, தங்குமிடச் செலவு எல்லாம் அடக்கம். தெரிவு இங்கே கல்வி அமைச்சின் ஊடாக நடக்கிறது. மருத்துவப் படிப்புக்கு இது கிடையாது. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு இருந்தும் வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுபோன பிள்ளைகள் இதைப் பார்க்காமல் இருப்பதுதான் எனக்கு ஆற்றாமை.

நான் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவன். புலமைப்பரிசில், ஆய்வு என்று கேட்கப் போனால் குறைவாக நினைப்பார்களா?

உள்ளே வந்த பிறகு உங்கள் இசட் புள்ளியை (அனுமதிக்குப் பார்க்கும் உயர்தரப் புள்ளி) ஒருவரும் கேட்கப்போவதில்லை. விஞ்ஞான பீடங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று எடுக்கிறார்கள். நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி மூன்றும் அந்தப் பதினாறில் அடங்கும். உயர்தர விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே இல்லாத பாடசாலையிலிருந்து வந்தவர் அந்த வழியால் வருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் அரையாண்டுப் பரீட்சை முடிந்தவுடன் எல்லோரையும் அளப்பது ஜீபிஏ, அதாவது பல்கலைக்கழகப் பெறுபேறுகளின் சராசரிப் புள்ளி.

மூன்று வருடத்தில் முடித்து வேலைக்குப் போகச் சொல்கிறார்கள் வீட்டில். நாலாவது வருடம் தேவையா?

ஆசிரியராகவோ அரசாங்க எழுதுவினைஞராகவோ போவதுதான் எண்ணம் என்றால் மூன்று வருடப் பொதுப் பட்டம் போதும். அதில் ஒரு குறைவும் இல்லை. ஆய்வுப் பக்கம் கொஞ்சமாவது ஆசை இருந்தால் நாலு வருட விசேட பட்டம் எடுத்தேயாக வேண்டும். நாலாம் வருடத்தில்தான் சொந்தமாக ஓர் ஆய்வுச் செயற்றிட்டம் செய்கிறீர்கள். வெளிநாட்டில் முதுமாணிக்கும் பிஎச்டிக்கும் கேட்பதும் அந்தப் பட்டத்தைத்தான். விசேட பட்டத்துக்கு எடுக்கும்போது முதல் வருடங்களின் ஜீபிஏயைப் பார்ப்பார்கள். "முதல் வருடம்தானே" என்று விட்டவர்களுக்கு அங்கே கதவு மூடிவிடும். வீட்டில் பேசும்போது நாலாவது வருடத்திலும் மஹாபொல வரும் என்பதைச் சொல்லுங்கள், பாதிப் பேர் அதற்குப் பிறகு இறங்கிவருவார்கள்.

முதல், இரண்டாம் வருட மாணவருக்கு ஆய்வில் என்ன வேலை கொடுப்பார்கள்?

பெரிதாக ஒன்றும் கொடுக்க மாட்டார்கள். குழாய்களுக்கு லேபல் ஒட்டுவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, மாதிரிகளை நிறுத்து எழுதுவது, ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த இலைகளில் கொப்புளங்களை எண்ணி எக்செலில் போடுவது. நுணுக்குக்காட்டியில் வித்திகளை எண்ணத் தொடங்கினால் மூன்றாவது நாளில் கண்ணை மூடினாலும் வட்டம் வட்டமாகத் தெரியும். ஆனால் ஏன் ஒரே மாதிரியை மூன்று தடவை அளக்கிறார்கள், ஒரு தடவை வித்தியாசமாக வந்தால் அதைத் தூக்கி எறியாமல் ஏன் குறித்து வைக்கிறார்கள் என்பதெல்லாம் விரிவுரையில் வராது. அந்த மேசையில்தான் வரும். இரண்டு விடுமுறைக் காலம் இப்படி நின்ற பிள்ளைக்கும் நிற்காத பிள்ளைக்கும் நாலாம் வருடத்தில் உள்ள வித்தியாசம் மேற்பார்வையாளருக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

சம்பளம்? பெரும்பாலும் இல்லை. பஸ் காசும் சாப்பாடும் கிடைத்தால் நல்லது. இதனால்தான் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள இடங்களை முதலில் பாருங்கள் என்று சொல்கிறேன்.

பக்கத்தில் என்றால் எங்கே? மலைநாட்டில் ஆராய்ச்சி எங்கே நடக்கிறது?

எல்லாம் கொழும்பில் என்று நினைக்கிறோம். விஞ்ஞான ஆய்வைப் பொறுத்தவரை மலைநாட்டுக்காரர் கொடுத்து வைத்தவர்கள்.

கண்டி ஹந்தானை வீதியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. 1981 இல் தொடங்கியது. உயிர் எப்படித் தோன்றியது என்று ஆராய்ந்த, சந்திரனிலிருந்து கொண்டுவந்த மண்ணைச் சோதித்த சிறில் பொன்னம்பெரும 1980களில் அதன் பணிப்பாளராக இருந்தார். சூரியக் கலங்கள், தாவரங்களிலிருந்து எடுக்கும் இரசாயனங்கள், மண் நுண்ணுயிர்கள், வெந்நீர் ஊற்றுகள் என்று பல பிரிவுகளில் வேலை நடக்கிறது. பட்டதாரிகளை ஆய்வு உதவியாளர்களாக எடுப்பார்கள். இளமாணி மாணவர்கள் ஏதாவது ஒரு பிரிவின் தலைவரிடம் நேரடியாகக் கேட்டுப் பயிற்சிக்குப் போகலாம்.

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம். எங்கள் ஆட்களுக்கு "டீஆர்ஐ" என்றால் விளங்கும். 1925 இல் தொடங்கி நூறு வருடம் கடந்துவிட்டது. மண், தாவர நோய், பூச்சி, இனவிருத்தி, உயிர் இரசாயனவியல், தேயிலைத் தொழில்நுட்பம் என்று தனித்தனிப் பிரிவுகள். தேயிலைக் கொழுந்தில் வரும் கொப்புள நோய் 1946 இல் இங்கே வந்தது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அம்மாமார் பறிக்கிற கொழுந்தில் அதைக் காணலாம். அந்த நோயைக் கொண்டுவரும் பங்கசை (பூஞ்சையை) பற்றிப் படித்துவிட்டு லயத்துக்குப் பின்னால் உள்ள மலையிலேயே அதைப் பார்க்கக்கூடிய விஞ்ஞான மாணவர் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? பசறை, ஹந்தானை, இரத்தினபுரி, தெனியாய ஆகிய இடங்களிலும் இந்த நிறுவகத்துக்கு நிலையங்கள் உண்டு.

பேராதனையைச் சுற்றி இன்னும் நிறைய. தாவரவியல் பூங்காவுக்குள் தேசிய மூலிகைச்சாலை, அதாவது உலர்த்திய செடி மாதிரிகளின் சேகரம். கன்னொறுவையில் தோட்டப்பயிர் ஆராய்ச்சி, தாவர மரபு வளங்கள், மிருக வைத்திய ஆராய்ச்சி என்று மூன்று நிறுவனங்கள் நடந்துபோகிற தூரத்தில். விஞ்ஞானப் பட்டமேற்படிப்பு நிறுவகமும் பல்கலைக்கழக வளாகத்துக்குள்தான். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 இல் வந்தது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கும் கனிய வளங்களுக்கும் தனிப் பட்டங்களே இருக்கின்றன.

பழைய கதை ஒன்று. 1869 இல் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டது. அதை ஆராய 1880 இல் பேராதனைக்கு வந்தவர் மார்ஷல் வார்ட், வயது இருபதுகளின் நடுவில். தோட்டம் தோட்டமாகப் போய் இலைகளைப் பார்த்து, கண்ணாடித் துண்டுகளில் வித்திகளைப் பிடித்து, நோய் காற்றில் பரவுகிறது என்று காட்டினார். கோப்பி தப்பவில்லை, அந்த இடத்தில் தேயிலை வந்தது. நம் ஆட்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்ட ஒரு பங்கசை, இன்று விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளின் வயதை ஒட்டிய ஒருவர் ஆராய்ந்திருக்கிறார்.

ஒரு விரிவுரையாளரிடமோ ஆய்வாளரிடமோ எப்படிக் கேட்பது? பயமாக இருக்கிறது.

நம் பிள்ளைகளிடம் நான் காண்கிற பெரிய தடை இதுதான். பெரியவர்களிடம் தாமாகப் போய்ப் பேசக்கூடாது என்று வளர்ந்துவிட்டோம். தோட்டத் துரையிடம் நேரே பேசாமல் கணக்கப்பிள்ளை மூலம் போன பழக்கம் மூன்றாம் தலைமுறையிலும் விடவில்லை. மஹாபொலவுக்குப் படிவம் இருக்கிறது. ஆய்வுக்குப் படிவம் இல்லை, கேட்பவருக்குத்தான் இடம்.

முதலில் உங்கள் திணைக்களத்து விரிவுரையாளர்கள் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இலங்கை ஆய்விதழ்களில் பெரும்பாலானவை இணையத்தில் இலவசம். ஒரு கட்டுரையையாவது சுருக்கத்தைத் தாண்டி, முறைகள் என்ற பகுதி வரை வாசியுங்கள். பிறகு ஒரு சிறிய மின்னஞ்சல் எழுதுங்கள். நீங்கள் யார், எந்த வருடம், எந்தப் பாடம் என்பது முதல் வரி. அவருடைய எந்த வேலையை வாசித்தீர்கள், அதில் எது விளங்கியது, எது விளங்கவில்லை என்பது இரண்டு வரி. எந்த மாதங்களில், வாரத்துக்கு எத்தனை நாள் வர முடியும் என்பது ஒரு வரி. பெறுபேற்று அறிக்கையை இணைத்துவிடுங்கள். இவ்வளவுதான். "ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு" என்று பொதுவாக எழுதி முப்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் முப்பது பேரும் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள். அதற்கும் வராவிட்டால் அறைக் கதவைத் தட்டுங்கள். மெயிலுக்குப் பதில் போடாத எத்தனையோ பேர் நேரில் போனால் கதிரையைக் காட்டி உட்காரச் சொல்வார்கள். "இப்போது இடமில்லை" என்று சொன்னால், யாரிடம் கேட்கலாம் என்று அங்கேயே கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் வேறு இடத்தில் சேர்ந்தவர்கள் பலர்.

எனக்கு ஆங்கிலம் வராது.

பேசுவது வேறு, ஆய்வுக் கட்டுரை வாசிப்பது வேறு. கட்டுரை ஆங்கிலத்தில் ஒரு சில நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். உயர்தரத்தில் பங்கசு, ஒளித்தொகுப்பு என்று தமிழில் படித்ததற்கு ஆங்கிலச் சொல்லை ஒரு கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். முதல் அரையாண்டு முடியுமுன் வாசிப்பு பிடிபடும். பேச்சு மெதுவாக வரட்டும். ஆங்கிலம் வரும்வரை காத்திருந்து பிறகு ஆய்வுகூடத்துக்குப் போகலாம் என்று நினைத்தால் நாலு வருடமும் போய்விடும்.

எதைப் பற்றி ஆய்வு செய்வது? எல்லாம் செய்தாகிவிட்டதே.

உங்கள் தோட்டத்து மழைக் கொப்பியைப் பார்த்திருக்கிறீர்களா? தோட்ட அலுவலகத்துக்கோ பெக்டரிக்கோ முன்னால் ஒரு மழைமானி நிற்கும். காலையில் ஒருவர் அதைத் திறந்து, சேர்ந்த தண்ணீரை அளவு கண்ணாடியில் ஊற்றி, மில்லிமீற்றர் கணக்கை எழுதி வைப்பார். பல தோட்டங்களில் பல தசாப்தத்துக் கணக்கு அலுமாரியில் கரையானுக்குக் காத்துக்கொண்டிருக்கிறது. அனுமதி வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, கணினியில் ஏற்றி, பக்கத்து வானிலை நிலையத்தின் கணக்கோடு ஒப்பிட்டாலே அது ஒரு நல்ல புள்ளிவிபரச் செயற்றிட்டம்.

இதன் பெறுமதி சாதாரணமானதல்ல. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மழையை வைத்துத்தான் கொடுக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதல் நிலை, 100 தாண்டினால் இரண்டாம் நிலை, 150 தாண்டினால் வெளியேறச் சொல்வார்கள். ஒரு மலையில் கொட்டும் மழை அடுத்த மலையில் தூறலாக இருக்கும் என்பது நமக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மறந்தவர் யாரும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலை மாவட்டங்கள் பட்டதும் கண் முன்னால் நிற்கிறது. சரிவில் குடியிருக்கிற ஒருவர் எழுதும் ஆய்வுக்கு, வெளியிலிருந்து இரண்டு நாள் வந்து போகிறவர் எழுதுவதில் இல்லாத கண் இருக்கும்.

வேறும் உண்டு. ஹோட்டன் சமவெளியில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவதற்கு முழுக் காரணம் இன்னும் தீரவில்லை. இலங்கையின் மரத்தவளை இனங்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2002 இல் சயன்ஸ் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. அதற்குப் பிறகும் புதிய இனங்கள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. லயத்துப் பீலித் தண்ணீரின் தரம், மரக்கறித் தோட்டங்களில் அடிக்கிற மருந்து ஓடைக்குப் போய்ச் சேருவது, வீட்டுக்குள் விறகுப் புகை. இரசாயனவியல் படிக்கிறவருக்கு இதில் எதை எடுத்தாலும் வேலை இருக்கிறது.

காட்டில் போய்ச் செடியோ பூச்சியோ பிடித்துவரலாமா?

கூடாது. தேசிய பூங்காவுக்கு வனஜீவராசிகள் திணைக்களத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். நக்கிள்ஸ் போன்ற காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களம். மேற்பார்வையாளர் மூலம்தான் விண்ணப்பம் போகும், மாதக்கணக்கில் ஆகும். ஆட்களிடம் இரத்தமோ தகவலோ எடுக்கிற ஆய்வென்றால் ஒழுக்கநெறிக் குழுவின் அங்கீகாரமும் தேவை. நம் சொந்தத் தோட்டத்து ஆட்கள்தானே என்று அதைத் தவிர்க்க முடியாது.

ஆய்வு, களப்பயணம் என்றால் பெண் பிள்ளையை அனுப்ப வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

அம்மாவை ஒரு தடவை திணைக்களத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே வேலை செய்கிற அக்காமாரைப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். உயிரியல் திணைக்களங்களில் ஆய்வு உதவியாளர்களில் பெண்கள் தாராளமாக இருக்கிறார்கள். களப்பயணத்துக்கு யார் யார் போகிறார்கள், எங்கே தங்குவது, யாருடைய நம்பருக்கு எடுப்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதோடு இதையும் சொல்கிறேன்: பெற்றோரின் பயம் எல்லாமே வீண் பயமல்ல. மேற்பார்வையாளரோ வேறு யாருமோ எல்லை மீறினால் பொறுத்துக்கொண்டு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாணவ ஆலோசகரிடம் எழுத்தில் கொடுங்கள். ஆய்வுக்கு வேறு ஆளைத் தேடிக்கொள்ளலாம்.

வெளிநாட்டுக் கோடைகால ஆய்வுப் பயிற்சிகள் பற்றி நிறையப் பதிவுகள் வருகின்றன. எதற்கு விண்ணப்பிப்பது?

முதலில் "யார் விண்ணப்பிக்கலாம்" என்ற வரியைப் பாருங்கள். அதை விட்டுவிட்டு மற்றதெல்லாம் வாசித்து ஆசைப்படுகிறார்கள். ஜேர்மனியின் ரைஸ் திட்டம் அமெரிக்கா, கனடா, பிரித்தானியா, அயர்லாந்து மாணவர்களுக்கு. அமெரிக்காவின் ஆர்ஈயூ திட்டங்கள் பெரும்பாலும் அந்நாட்டுப் பிரஜைகளுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும். இந்திய விஞ்ஞான அகடமிகளின் கோடைகாலத் திட்டம் இந்தியாவில் படிப்பவர்களுக்கு. பேராதனையில் இருந்துகொண்டு இவற்றில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எந்த நாட்டவருக்கும் திறந்தவை சில இருக்கின்றன. ஜப்பானில் ஒக்கினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகத்தின் ஆய்வுப் பயிற்சி: விமானச் செலவு, தங்குமிடம், நாளாந்தப் படி எல்லாம் கொடுக்கிறார்கள். சவூதியில் மன்னர் அப்துல்லா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்: 3 முதல் 6 மாதம், மாதாந்தப் படியோடு. மூன்றாம் வருடத்துக்கு வந்தவர்கள் பார்க்கலாம், ஜீபிஏ நன்றாக இருக்க வேண்டும். ஒஸ்திரியாவின் விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகத்திலும் கோடைகாலப் பயிற்சி உண்டு. பௌதிகவியல், கணிதம், கணினி படிப்பவர்களுக்கு ஜெனீவாவிலுள்ள சேர்ன் என்ற துகள் பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் கோடைகால மாணவர் திட்டம். அதற்குக் குறைந்தது 3 வருடப் பல்கலைக்கழகப் படிப்பு முடிந்திருக்க வேண்டும். போட்டி கடுமை. கணினிக்காரர்கள் "கூகுள் சம்மர் ஒஃப் கோட்" என்ற மென்பொருள் எழுதும் திட்டத்தை மறக்கக்கூடாது: வீட்டிலிருந்தே செய்யலாம், காசும் கிடைக்கும், இலங்கை மாணவர்களுக்கு அதில் நல்ல பெயர் இருக்கிறது. லயத்தில் சிக்னல் கிடைக்கிற மூலையைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் முதல் சவால்.

இவற்றுக்குத் தெரிவாகிறவர்களின் விண்ணப்பத்தைப் பார்த்தால் உள்ளூரில் எங்கேயாவது ஆய்வுகூடத்தில் நின்ற அனுபவம் இருக்கும். ஒக்கினாவாவுக்கு வழி தலவாக்கலையாலும் ஹந்தானையாலும் போகிறது.

சிபாரிசுக் கடிதம் யாரிடம் வாங்குவது?

உங்கள் வேலையைப் பார்த்தவரிடம். பீடாதிபதியிடமோ பாராளுமன்ற உறுப்பினரிடமோ வாங்கும் கடிதம் எடுபடாது. ஒரு மாதம் உங்களோடு மேசையில் நின்ற இளம் விரிவுரையாளர் எழுதும் அரைப் பக்கம் எவ்வளவோ மேல். மூன்று வாரம் முன்னால் கேளுங்கள். முடிவுத் திகதி, உங்கள் விபரக்கோவை, நீங்கள் செய்த வேலைகளின் குறிப்பு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஏஜென்சி ஒன்று புலமைப்பரிசில் எடுத்துத் தருவதாகச் சொல்லிக் காசு கேட்கிறது.

கொடுக்காதீர்கள். மேலே எழுதிய எதற்கும் இடைத்தரகர் தேவையில்லை.

அரச பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. விஞ்ஞானம் படிக்க வேறு வழி?

இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானமாணிப் பட்டம் இருக்கிறது. அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில். வேலை செய்துகொண்டே படிக்கலாம், கட்டணம் உண்டு. தனியார் பட்டங்களுக்கு அமைச்சின் வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. ஆனால் கடன் கடன்தான், எந்தப் பாடநெறி, முடித்தபின் என்ன வேலை என்று பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இரசாயனவியல் என்றால் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் பட்டதாரிப் பாடநெறியை விசாரியுங்கள், நல்ல பெயர் உள்ளது.

நாலாம் வருடம் முடியப்போகிறது. இதுவரை எதுவும் செய்யவில்லை. இனி நேரம் இருக்கிறதா?

இருக்கிறது. கையிலிருக்கும் செயற்றிட்டத்தைச் சுருக்கமாக எழுதி, மேற்பார்வையாளரின் சம்மதத்தோடு ஓர் ஆய்வரங்குக்கு அனுப்புங்கள். பேராதனையில் வருடாவருடம் ஆய்வரங்குகள் நடக்கின்றன. 1944 இல் தொடங்கிய இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் வருடாந்த அமர்வும் இருக்கிறது. விபரக்கோவையில் அந்த ஒரு வரி பெறுமதியானது.

பட்டம் முடிந்தவுடன் ஆய்வு உதவியாளர் வேலைகளைப் பாருங்கள். தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை ஆகியவற்றிடம் நிதி பெற்ற ஆய்வாளர்கள் அந்தப் பணத்தில்தான் ஆள் எடுக்கிறார்கள். படியும் உண்டு, அதோடு முதுமாணி ஆய்வுப் பட்டத்துக்கும் பதியலாம். வெளிநாடு என்றால் ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் முதுமாணிக்குக் கடைசி வருடத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம், தெரிவானால் மாதம் 1,400 யூரோ. பௌதிகவியலுக்கும் கணிதத்துக்கும் இத்தாலி த்ரியெஸ்தேயில் அப்துஸ் சலாம் சர்வதேச கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையத்தின் ஒரு வருட டிப்ளோமா. வளர்முக நாட்டவருக்கென்றே வைத்தது, முழுச் செலவும் அவர்களுடையது.

ஹந்தானையிலோ தலவாக்கலையிலோ விசாரிக்கப் போவதென்றால் முதல் நாளே போன் பண்ணி நேரம் கேட்டுக்கொண்டு, கிழமை நாளில், காலையிலேயே போய்விடுங்கள். பெறுபேற்று அறிக்கையின் பிரதி, ஒரு பக்க விபரக்கோவை, அடையாள அட்டை மூன்றும் கையில் இருக்கட்டும். வாசலில் காவலாளி அடையாள அட்டையைக் கேட்பார்.